பெட்டியில் இல்லாத பெயர்

சேலத்து வாசகர் ஒருவர், குறி பார்க்கப் பயன்படும் டாரட் என்னும் படச் சீட்டுகளைப் பற்றிக் கேட்டிருந்ததற்குச் சென்ற மாதம் இப்பகுதியில் இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். “இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் டாரட் கட்டின் படங்களை 1909ஆம் ஆண்டு வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண், சீட்டு சொல்லும் பலனைவிட அவருடைய வாழ்க்கை சுவையானது” என்பதுதான் அந்தப் பதில். அது போதாது என்று கோபித்தும், மேலும் விவரம் கேட்டும் வந்த கடிதங்கள் ஒரு கோப்பை நிரப்பிவிட்டன. ஆகவே இந்த மாதம் பகுதி முழுவதையும் அந்தப் பெண்ணுக்கும் அவர் வரைந்த 78 சீட்டுகளுக்குமே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் தோழி பரிசளித்த டாரட் கட்டின் பெட்டியில் ‘ரைடர்-வெயிட்’ என்று அச்சிட்டிருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட பெயர் எங்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் பாம்பு நெளிவதுபோல ஒரு கிறுக்கல் இருக்கிறது. அது அச்சுப் பிழையா, அல்லது ஏதேனும் மறைபொருளா?
— கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கண் கூர்மையானது. அது பிழையும் அன்று, மறைபொருளும் அன்று. நீங்கள் தேடிய பெயரே அதுதான். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். எஸ் என்னும் ஆங்கில எழுத்து மேலிருந்து கீழாக நெளிந்து இறங்க, அதைத் தழுவிக்கொண்டு பி, சி என்னும் எழுத்துகள் பின்னிக் கிடப்பது தெரியும். பமீலா கோல்மன் ஸ்மித்தின் முதலெழுத்துகள் அவை. பெரும்பாலான சீட்டுகளில் கீழ் மூலையில், புல்லின் நிழலிலோ பாறையின் மடிப்பிலோ ஒதுங்கிக் கிடக்கும். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களில் ஓவியர்கள் ஓரத்தில் இடும் முத்திரையை அது எனக்கு நினைவூட்டும். அப்படி நினைப்பதற்குக் காரணமும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள பிராட் கலைக்கல்லூரியில் அவருக்குப் பாடம் சொன்ன ஆர்தர் வெஸ்லி டவ், ஜப்பானிய அச்சுப் படங்களில் ஊறித் திளைத்தவர். தடித்த புறக்கோடு, நிழல் காட்டாமல் தட்டையாக நிரப்பிய வண்ணம், வெற்றிடத்தை அஞ்சாமல் விட்டுவைக்கும் துணிவு ஆகிய மூன்றும் அந்த வகுப்பறையிலிருந்து இந்தச் சீட்டுகளுக்கு வந்தவை.

பெட்டியில் உள்ள இரு பெயர்களில் ரைடர் என்பது லண்டனில் 1909 டிசம்பரில் அந்தக் கட்டை வெளியிட்ட வில்லியம் ரைடர் அண்ட் சன் பதிப்பகத்தைக் குறிக்கும். வெயிட் என்பவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். மறைஞானத்தில் தோய்ந்த எழுத்தாளர். சீட்டுகளின் பொருளை வகுத்து, வரையச் சொன்னவர். பாட்டை இயற்றியவரையும் பாடியவரையும் விட்டுவிட்டுக் கேசட் கம்பெனியின் பெயரால் அந்தப் பாட்டை அழைத்தால் எப்படியிருக்கும்? ஏறத்தாழ அப்படித்தான் இங்கே நடந்திருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் இப்போது ‘ரைடர்-வெயிட்-ஸ்மித்’ என்றும், இன்னும் சிலர் பதிப்பகத்தை நீக்கி ‘வெயிட்-ஸ்மித்’ என்றும் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: டாரட் பண்டைய எகிப்தியக் கோயில்களில் தோன்றியது என்று ஒரு நூலில் படித்தேன். அவ்வளவு பழமையானதென்றால் 1909இல் அந்த அம்மையார் புதிதாகச் செய்தது என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: எகிப்துக் கதைக்கு ஆதாரம் இல்லை, ஐயா. 1781இல் பிரான்சில் கூர் த ஜெபலின் என்னும் அறிஞர் அவ்வாறு எழுதிவைத்தார். அந்நாளில் எகிப்திய எழுத்தைப் படிக்க உலகில் ஒருவருக்கும் தெரியாது; ஷாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதன் பூட்டைத் திறந்ததே 1822இல்தான். படிக்க முடியாத எழுத்தின்மேல் எந்தக் கதையை ஏற்றினாலும் மறுப்பதற்கு ஆள் இருக்காது அல்லவா? உண்மையில் டாரட் பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில், பிரபுக்களின் மாளிகைகளில், சீட்டாட்டத்துக்காகப் பிறந்தது. நம் வீட்டுத் திண்ணைகளில் துருப்பு வைத்து ஆடும் ஆட்டத்தைப் போன்றதே அதுவும். துருப்புக்கென்று தனியாக 22 படச்சீட்டுகள் இருந்தன என்பதுதான் வேறுபாடு. மீதமுள்ள 56 சீட்டுகள் கோல், கோப்பை, வாள், காசு என்று நான்கு இனமாகப் பிரியும். ஓர் இனத்துக்கு 14 சீட்டு. அவற்றில் அரசன், அரசி, வீரன், ஏவலன் ஆகிய நால்வர் போக, எண் சீட்டுகள் பத்து. குறி பார்க்கும் வழக்கம் பரவியது மிகவும் பிந்தி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பழைய கட்டுகளில் எண் சீட்டில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே வரிசையாக நிற்கும். ஸ்மித் அந்த நாற்பது எண் சீட்டுகளிலும் மனிதர்களையோ காட்சிகளையோ கொண்டுவந்தார். காசு ஐந்து என்ற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பனி கொட்டும் இரவில் கந்தல் போர்த்திய இருவர், ஒருவர் ஊன்றுகோல்களில் தொங்கியபடி, தெருவில் நடந்துபோகிறார்கள். அவர்கள் தலைக்குமேல் வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று உள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் ஒளிர்கிறது. இருவரில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. அந்த ஐந்து காசுகளும் அந்தச் சன்னலில்தான் பதிந்திருக்கின்றன. இதைப் பார்ப்பவருக்குப் பொருள் விளக்கப் புத்தகம் தேவைப்படாது.

முன்மாதிரியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சோலா புஸ்கா என்னும் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டில் எண் சீட்டுகளுக்கும் உருவங்கள் உண்டு. அதன் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைத்து நிற்கும் ‘வாள் மூன்று’ சீட்டை இரண்டு கட்டுகளிலும் வைத்து ஒப்பிட்டால், ஸ்மித் அந்தப் புகைப்படங்களைப் பார்த்திருக்கிறார் என்பதில் ஐயம் எழாது. ஆயினும் பின்னணியில் மேகத்தைத் திரட்டி மழையைக் கொட்டவைத்தது இவருடைய கைதான்.

கேள்வி: பமீலா ஸ்மித் ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினப் பெண் என்று சிலரும், வெள்ளைக்காரர் என்று சிலரும் எழுதுகிறார்கள். உண்மை எது? அவர் சீட்டுகளில் ஜமைக்கா தெரிகிறதா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: அவர் உயிரோடிருந்த காலத்திலேயே இந்தக் கேள்வி தொடங்கிவிட்டது. கவிஞர் யேட்ஸின் தந்தையான ஜான் பட்லர் யேட்ஸ், இந்தப் பெண் அச்சு அசல் ஜப்பானியரைப்போல இருக்கிறார் என்று கடிதம் எழுதினார். வேறு சிலர் வேறு தேசங்களை ஊகித்தார்கள். ஏடுகளில் உள்ளபடி அவர் 1878 பிப்ரவரி 16ஆம் நாள் லண்டனின் பிம்லிகோ பகுதியில், அமெரிக்கப் பெற்றோருக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்தார். தந்தை வழிப் பாட்டனார் புரூக்ளின் நகரத்தின் மேயராக இருந்தவர். தாய் வழியில் சாமுவேல் கோல்மன் என்னும் நிலக்காட்சி ஓவியர் அவருக்கு மாமா முறை. சிறுவயது மான்செஸ்டரில் கழிந்தது. பதினோரு வயதானபோது, ஜமைக்காவில் ரயில் பாதையை நீட்டிக்கும் பணியிலிருந்த நிறுவனம் ஒன்றில் தந்தைக்கு வேலை கிடைக்க, குடும்பம் கிங்ஸ்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்து வயதில் அங்கிருந்து புரூக்ளின் கலைக்கல்லூரிக்குப் போனார். தாயார் 1896இல் ஜமைக்காவில் இறந்தார்; மூன்றாண்டு கழித்துத் தந்தையும் போய்விட்டார். இருபத்தொரு வயதில், பட்டம் பெறாத படிப்போடு, ஒண்டியாக நின்ற பெண் அவர்.

ஆகவே ‘பாரம்பரியம்’ என்னும் சொல்லை இரத்தத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டால் இவரிடம் அது பொருந்தி வராது. காதில் விழுந்து தங்கிய கதைகளின் வழியாக வந்த பாரம்பரியம் அவருடையது. ஜமைக்காவில் கறுப்பின மக்கள் சொல்லிவந்த அனான்சி கதைகளை அவர் சிறு வயதிலேயே வாங்கிக்கொண்டார். அனான்சி என்பவன் சிலந்தி. சில வேளை மனிதன். தன்னைவிடப் பெரிய விலங்குகளையெல்லாம் தந்திரத்தால் ஏமாற்றித் தானும் அவ்வப்போது மாட்டிக்கொள்பவன். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்களிடமிருந்து, அடிமைக் கப்பல்களில் சங்கிலியோடு வந்தவர்களின் நாவில் ஏறி, அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த கதைகள் அவை. ஸ்மித் அவற்றை ஜமைக்காவின் பேச்சுமொழியிலேயே எழுதி, படங்களும் வரைந்து, 1899இல் நியூயார்க்கில் நூலாக வெளியிட்டார். பிறகு லண்டன் வரவேற்பறைகளில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தரையில் அமர்ந்து, தாமே வெட்டி வண்ணம் தீட்டிய சிறு உருவங்களை முன்னால் நகர்த்தியபடி அக்கதைகளைச் சொல்லிப் பணமும் ஈட்டினார். அடிமைகளின் வழித்தோன்றல்கள் சொல்லிய கதையை வெள்ளைச் சீமான்களுக்குக் காசுக்குச் சொல்வதில் இன்றைய நமக்கு ஒரு நெருடல் தோன்றுவது இயல்பே, எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவற்றைச் சீர்திருத்திய ஆங்கிலமாக்கிச் சிதைக்காமல், கேட்ட மொழியிலேயே அச்சேற்றினார் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சீட்டுகளில் ஜமைக்கா தெரிகிறதா என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்வதானால், தென்னை மரத்தையோ கரும்புத் தோட்டத்தையோ நீங்கள் அங்கே காண மாட்டீர்கள். உடைகள் இடைக்கால ஐரோப்பாவின் உடைகள். மலைகளும் கோட்டைகளும் அப்படியே. ஜமைக்காவை அந்தப் படங்களின் மேற்பரப்பில் தேடுவதற்குப் பதிலாக, ஒரே ஓர் உருவத்தை முன்னால் நகர்த்தி, ஒரு கதையை அதன் நடுவிலிருந்து காட்டும் முறையில் தேட வேண்டும். தரையில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே அட்டைப் பொம்மைகளை நகர்த்தியவருக்கு, ஒரு சீட்டுக்கு ஒரு காட்சி என்பது கைவந்த கலை.

கேள்வி: அவர் நாடகக் கொட்டகையில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டேன். நானும் மேடைக்காரன் என்பதால் கேட்கிறேன். அந்த அனுபவம் படங்களில் எங்கே தெரிகிறது?
— நாடகக் கலைஞர், மதுரை

பதில்: உங்களைப் போன்றவர் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி; ஏனென்றால் இந்தக் கட்டின் சாவி மேடையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிறுமியாக இருந்தபோதே அட்டையில் பொம்மை நாடக மேடை கட்டி, கடற்கொள்ளையன் ஹென்றி மார்கனின் கதைக்குப் பாத்திரங்களை வெட்டி ஒட்டியவர் அவர். பெற்றோரை இழந்த காலத்தில் லண்டனின் லைசியம் நாடகக் குழு அவருக்குக் குடும்பமாயிற்று. ஹென்றி இர்விங் அதன் தலைவர். எல்லன் டெரி தலைமை நடிகை. கணக்கு வழக்கையும் நிர்வாகத்தையும் பார்த்தவர், டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர். ஸ்மித்துக்குப் ‘பிக்ஸி’ என்று செல்லப் பெயர் வைத்ததே எல்லன் டெரிதான். குறும்புக்காரக் குட்டித் தேவதை என்று பொருள் கொள்ளலாம். குழுவோடு ஊர் ஊராகச் சென்று, உடைகளில் கைவைத்து, கூட்டத்தில் ஒருவராக மேடையில் நின்று, பக்கவாட்டுத் திரையின் ஓரத்திலிருந்து நடிகர்களின் உடம்பைக் கோடுகளாகப் படித்தவர் அவர்.

1908இல், டாரட் வேலைக்கு ஓராண்டு முன்பு, கலை மாணவர்களுக்காக அவர் எழுதிய கட்டுரை ஒன்று கிடைத்திருக்கிறது. அதில், நாடகம் பார்க்கப் போங்கள் என்கிறார். அச்சம், மகிழ்ச்சி, துயரம் ஆகியவற்றின் எளிய வடிவங்களை முதலில் கவனியுங்கள், முழு உடம்பும் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள் என்கிறார். முகத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்னும் அந்தப் பாடத்தை நீங்கள் உங்கள் குருவிடமும் கேட்டிருப்பீர்கள். இப்போது ‘கோப்பை ஐந்து’ என்ற சீட்டை எடுங்கள். கறுப்புப் போர்வைக்குள் ஒருவர் குனிந்து நிற்கிறார். முகம் ஏறத்தாழத் தெரியவே இல்லை. முதுகின் வளைவும் தலையின் சரிவும்தான் நடிப்பு. முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையாளருக்கும் எட்டுகிற நடிப்பு அது.

இன்னொரு நுட்பத்தையும் மேடைக்காரரான உங்களிடம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது. ‘காசு இரண்டு’ என்ற சீட்டில் உயரத் தொப்பி வைத்த இளைஞன் ஒருவன் இரு காசுகளைக் கையில் சுழற்றியபடி ஆடுகிறான். அவன் நிற்கும் தரை ஒரு நேர்க்கோட்டில் சட்டென்று முடிகிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் அலைகள் மலைபோல எழும்ப, இரண்டு கப்பல்கள் ஏறி இறங்குகின்றன. தரைக்கும் கடலுக்கும் நடுவில் கரையே இல்லை. இதைப் பிழை என்று கருதுவோர் உண்டு. மேடையில் நின்றவர்கள் அப்படிக் கருத மாட்டார்கள். முன்னால் இருப்பது மேடைப் பலகை. பின்னால் இருப்பது வரைந்து தொங்கவிட்ட சீன். இந்தக் கட்டில் இப்படிப்பட்ட ‘மேடைச் சீட்டுகள்’ பல உண்டு. அவற்றைத் தனியே எடுத்து அடுக்கிய ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.

மனிதர்களையும் அவர் மேடையிலிருந்தே எடுத்தார் என்று கருதப்படுகிறது. சூரியகாந்திப் பூவைக் கையில் பிடித்து, காலடியில் கறுப்புப் பூனையோடு அமர்ந்திருக்கும் ‘கோல் அரசி’யில் எல்லன் டெரியைக் காண்பவர்கள் உண்டு. கென்ட் வட்டாரத்தில் ஸ்மால்ஹைத் என்னும் இடத்தில் எல்லன் டெரிக்கு இருந்த பழைய பண்ணை வீட்டில் ஸ்மித் அடிக்கடி விருந்தாளியாகத் தங்கியவர். அந்த வட்டாரத்தின் கோபுரங்களையும் வயல் வரப்புகளையும் சீட்டுகளின் பின்னணியில் பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. எனக்கு இந்த ஒப்பீடுகளில் பாதிக்குப் பாதிதான் நம்பிக்கை. பூனை வளர்க்கும் அரசி என்றால் எந்த நடிகைக்கும் பொருந்தும். ஆனால் அந்த அரசி, காலை அகற்றி வைத்து, பார்ப்பவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளத் தயங்காமல் அமர்ந்திருக்கும் தோரணை மேடையில் பழகிய ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு புகழ்பெற்ற வேலைக்கு அவருக்குக் கிடைத்த கூலி என்ன? விற்பனையில் பங்கு இருந்ததா?
— வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: பங்கு இல்லை. ஒரே தடவையாகக் கொடுத்த கூலியோடு கணக்கு முடிந்துவிட்டது. அந்தக் கூலியின் அளவையும் அவரே சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் ‘291’ என்று பின்னாளில் பெயர்பெற்ற கலைக்கூடத்தை நடத்திய புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு 1909 நவம்பர் 19ஆம் நாள் எழுதிய கடிதத்தில், மிகச் சொற்பப் பணத்துக்கு மிகப் பெரிய வேலை ஒன்றை இப்போதுதான் முடித்தேன் என்று எழுதுகிறார். ஒரு டாரட் கட்டுக்காக 80 படங்கள் என்று கணக்கும் தருகிறார். மூலப்படங்களில் சிலவற்றை அனுப்புகிறேன், விரும்புபவர்கள் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்த ஸ்டீக்லிட்ஸ் சாதாரண ஆள் அல்லர். புகைப்படங்களை மட்டுமே காட்டிவந்த தம் கலைக்கூடத்தில், 1907 ஜனவரியில், முதன்முதலாகப் புகைப்படம் அல்லாத படைப்புகளுக்கு இடம் கொடுத்தபோது அவர் தேர்ந்தது ஸ்மித்தின் ஓவியங்களைத்தான்; இசையைக் கேட்கும்போது கண்முன் எழும் காட்சிகளை அப்படியே வரையும் பழக்கம் ஸ்மித்துக்கு இருந்தது. பிக்காசோவும் மத்தீசும் அந்தச் சுவர்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். டாரட்டின் மூலப்படங்கள் இன்று எங்கும் அகப்படவில்லை. நம்மிடம் உள்ளவையெல்லாம் அச்சுப் பிரதிகளே.

வெயிட்டோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் ‘பொன் விடியல்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட லண்டன் மறைஞானச் சங்கத்தின் வழியாக வந்தது. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் அதில் முக்கியப் புள்ளி. ஸ்மித் 1901இல் சேர்ந்தார். துருப்பான 22 பெரிய சீட்டுகளுக்கு வெயிட் நுணுக்கமாக வழிகாட்டினார் என்றும், எண் சீட்டுகளைப் பெரும்பாலும் ஓவியரின் கைக்கே விட்டுவிட்டார் என்றும் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படியானால் மக்கள் மனத்தில் தங்கிவிட்ட படங்களில் பெரும்பகுதி கூலிக்காரியின் சொந்தக் கற்பனை. அவரோ 1911இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, பிறகு ஒரு உறவினர் விட்டுச்சென்ற பணத்தில் கார்ன்வால் கடற்கரையில் வீடு எடுத்து, பாதிரியார்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் இல்லம் ஒன்றை நடத்தினார். 1951 செப்டம்பர் 18ஆம் நாள் பியூட் என்னும் சிற்றூரில் இறந்தபோது அவருக்குக் கடன் இருந்தது. வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டு அந்தக் கடனை அடைத்தார்கள். டாரட் கட்டு அமெரிக்காவில் மறுபதிப்பாகி உலகச் சந்தையில் வேகம் பிடித்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகு.

கேள்வி: கிளி எடுக்கும் சீட்டுக்கும் டாரட்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் பலிக்குமா?
— வாசகர், சென்னை

பதில்: கிளி ஜோசியத்தில் கிளி எடுக்கும், டாரட்டில் நீங்களே எடுக்க வேண்டும். கிளிக்கு நெல் கொடுத்தால் போதும் என்பதால் அது மலிவு. பலிக்குமா என்பதை நான் இதுவரை சோதித்ததில்லை, சோதிக்கும் எண்ணமும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: நம் கிளி ஜோசியரின் கையிலுள்ள முருகன் படத்தையும் மீனாட்சி படத்தையும் வரைந்த கை எது என்று நாமும் ஒரு நாளும் கேட்டதில்லை.

கேள்வி: தம் சொந்த வாழ்க்கையையே டாரட்டாக ஆக்கிய வேறு கலைஞர்கள் உண்டா?
— வாசகி, திருச்சி

பதில்: பலர் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த ஒருவரை மட்டும் சொல்கிறேன். நிக்கி த சான் ஃபால் என்னும் பிரெஞ்சு-அமெரிக்கச் சிற்பி, இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் கபால்பியோ என்னும் ஊருக்கு அருகே, 22 பெரிய சீட்டுகளையும் சிற்பங்களாக, அவற்றில் சிலவற்றைக் கட்டடம் அளவுக்கே, எழுப்பி, ஒரு தோட்டமே அமைத்தார். இரும்புக் கம்பியும் சிமென்டும் கொண்டு கட்டி, அதன்மேல் கண்ணாடித் துண்டுகளும் வண்ண ஓடுகளும் பதித்த சிற்பங்கள். 1970களின் இறுதியில் தொடங்கிய வேலை. பொதுமக்களுக்குத் திறந்தது 1998இல். அவற்றில் ‘பேரரசி’ என்னும் சீட்டு, படுத்திருக்கும் பிரம்மாண்டப் பெண்ணுருவம். கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் அவர் அந்த உருவத்தின் உள்ளேயே குடியிருந்தார். ஒரு மார்பகத்துக்குள் படுக்கையறை, இன்னொன்றுக்குள் சமையலறை. ஸ்மித் தம் வாழ்வைச் சீட்டுக்குள் ஒளித்துவைத்தார். இவர் சீட்டுக்குள் போய் வாழ்ந்துவிட்டார்.

கேள்வி: நான் ஓவியம் படிக்கிறேன். என் பாட்டி தறி நெய்தவர். அவருடைய வாழ்க்கையையும் எங்கள் நெசவுத் தெருவையும் வைத்து ஒரு டாரட் கட்டு வரைய ஆசை. ஸ்மித்தின் படங்களை அடியொற்றினால் சட்டச் சிக்கல் வருமா? எங்கிருந்து தொடங்குவது?
— ஓவிய மாணவர், கும்பகோணம்

பதில்: முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஸ்மித் இறந்தது 1951. எனவே 2011 முடிவோடு அந்தக் காலம் தீர்ந்துவிட்டது. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு என்பதால் 2021 முடிவில் தீர்ந்தது. 1909 கட்டின் படங்களை நீங்கள் தாராளமாக அடியொற்றலாம். ஆனால் பிற்காலத்தில் புதிதாக வண்ணம் தீட்டி வெளியிட்ட பதிப்புகளிலிருந்து அந்த வண்ணங்களைப் பெயர்த்தெடுக்காதீர்கள். பழைய பெட்டிப் பெயர்களையும் உங்கள் பெட்டியில் இடாதீர்கள். அவற்றுக்கு உரிமை கோருவோர் இருக்கிறார்கள்.

வேலையை 22 பெரிய சீட்டுகளில் தொடங்குவது எல்லோரும் செய்யும் தவறு. பாட்டியைப் பேரரசியாக வரைந்து, கிரீடம் வைத்து, அதோடு களைத்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். எண் சீட்டுகளில் தொடங்குங்கள். நான்கு இனங்களாக நாடா, ராட்டை, சாயப்பானை, காசு என்று வைத்துக்கொண்டால், உங்கள் தெருவின் ஒரு நாள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடும்போது எத்தனை பேர் நிற்பார்கள்? அறுந்த இழையைப் பாட்டி எந்த விரல்களால் முடிந்தார்? மாதக் கடைசியில் முதலாளியிடம் புடவையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அவர் நடை எப்படி இருந்தது? முகத்தை விட்டுவிட்டு இவற்றை மட்டும் ஒரு நோட்டில் சின்னஞ்சிறு கோடுகளாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். நாற்பது தேறினால் கட்டு தேறிவிட்டது என்று பொருள். பெரிய சீட்டுகள் தாமாக வரும்.

அளவைப் பொறுத்தவரை, ஏழு சென்டிமீட்டர் அகலமும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமும் வழக்கம். இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து சுருக்குங்கள்; ஆனால் சுருங்கினால் மறைந்துபோகும் மெல்லிய கோடுகளை வைக்காதீர்கள். ஸ்மித்தின் கோடு தடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவர் ஏறத்தாழ அரை ஆண்டில் முடித்தார் என்பதால் வாரத்துக்கு மூன்று சீட்டு என்று கணக்கு வரும். நீங்கள் படிப்புக்கு நடுவில் செய்வதால் வாரம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை ஆண்டு ஆகும்.

பதிப்பாளர் யாரேனும் முன்வந்தால், ஒரே தடவைக் கூலிக்கு ஒப்புக்கொள்ளாமல், விற்பனையில் இத்தனை விழுக்காடு என்று எழுதி வாங்குங்கள். மூலப்படங்கள் உங்கள் வசமே இருக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். சீட்டின் மூலையில் உங்கள் முத்திரையை இடுவதோடு நின்றுவிடாமல், பெட்டியின் முகப்பையும் நீங்களே வரைந்து, உங்கள் பெயரையும் பாட்டியின் பெயரையும் அதில் எழுதிய பிறகு அச்சகத்துக்கு அனுப்புங்கள். கட்டு வெளிவந்ததும் இந்தப் பகுதிக்கு ஒரு பிரதி வர வேண்டும். பூதக்கண்ணாடி மேசையிலேயே இருக்கும்.